நின்றுபோன வண்டியும் முந்திக்கொண்ட முடிவும்

ராபர்ட் பிர்சிக்கின் 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' (1974) குறித்து இலக்கிய நண்பர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம், அது 'தரம்' என்னும் தத்துவத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதைக் காண்கிறோம். எஞ்சின், பிளக், கார்புரேட்டர் வரும் பக்கங்களை உவமை என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். அப்பக்கங்களை எஞ்சினைப் பற்றிய பக்கங்களாகவே வாசிக்க வேண்டும் என்பது நம் கருத்து. நூலின் சாரமே அங்குதான் இருக்கிறது.

1968இல் மின்னசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மகனைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு பிர்சிக் ஓட்டிச் சென்ற வண்டி, 305 சி.சி. திறனுள்ள ஹோண்டா. நூலில் அதற்கு முந்தைய பயணமொன்றும் நினைவுகூரப்படுகிறது. கொட்டும் மழையில் வண்டி திணறி நின்றுவிடுகிறது. மழைநீர் உள்ளே புகுந்துவிட்டது என்று கதைசொல்லி முடிவுகட்டுகிறார். டேங்கை ஆட்டிப் பார்த்தால் பெட்ரோல் தளும்பும் ஓசையும் கேட்கிறது. பயணம் பாதியில் முறிகிறது. பின்னொரு மாலை கார்புரேட்டரைக் கழற்ற முனையும்போதுதான் உண்மை தெரிகிறது: தளும்பியது ரிசர்வ் பெட்ரோல், பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பவே இல்லை. ஓசை பொய் சொல்லவில்லை. மழைதான் காரணம் என்று முன்பே தீர்மானித்துவிட்ட மனம் அதைச் சரியாகக் கேட்கவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியில் எஞ்சின் இறுகி நிற்கிறது. பட்டறையில் வானொலி அலற, மெக்கானிக்குகள் அலட்சியமாக அடித்துக் கழற்றுகிறார்கள். திரும்பத் திரும்பக் கொண்டுபோயும் பழுது தீரவில்லை. இறுதியில் கதைசொல்லியே காரணத்தைக் கண்டறிகிறார்: வேகமாக ஓடும்போது எண்ணெய் மேலே செல்லவிடாமல் தடுத்தது, முறிந்துபோன ஒரு சிறு ஊசி. அதன் விலை 25 சென்ட். கைத்திறன் குறைவைவிடக் கவனமின்மையே பெரிய பழுது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நூல்கள் அரிது.

நெடும்பயண வண்டிகளின் திணறல் இத்தகைய மயக்கங்களுக்கு நல்ல விளைநிலம். கார்புரேட்டர் வண்டியொன்று அரைமணி நேரம் சீராக ஓடி, பின் விக்கி நிற்கிறது. சற்றுப் பொறுத்தால் கிளம்புகிறது. சூடேறிய பற்றவைப்புச் சுருள் செயலிழந்து, ஆறியதும் மீண்டிருக்கலாம். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டு, உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றிருக்கவும் கூடும். நிழலில் ஓய்வு கொடுத்தால் இரண்டு நோயும் தீர்ந்ததுபோல் தோன்றும். காத்திருத்தல் எதையும் நிரூபிப்பதில்லை. நின்ற கணத்திலேயே மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். காற்று உள்ளிழுக்கப்படும் ஓசை கேட்டு, வண்டியும் கிளம்பினால் குற்றவாளி மூடிதான். அப்போதும் கிளம்பாமல், பிளக்கில் பொறியும் வராவிட்டால் சுருளின் பக்கம் திரும்பலாம். ஒரே அறிகுறிக்கு இரு காரணங்கள் இருக்கையில், அவற்றைப் பிரித்துக் காட்டும் சோதனையைத் தேடுவதே அறிவு.

இன்றைய வண்டிகளில் காற்றழுத்தத்தை உணரிகள் அளக்கின்றன. கணினி பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிறது. மலையேறினால் கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக்கில் கரி படியும் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. பழுதுக்குக் குறியீடும் காட்டுகிறது. ஆயினும் பழைய மயக்கம் புதிய உடையில் வந்திருக்கிறது. கலவையில் பெட்ரோல் குறைவு என்று குறியீடு சொன்னால் உடனே ஆக்சிஜன் உணரியை மாற்றுவோர் உண்டு. அடைத்த வடிகட்டி, வலுக்குன்றிய பம்ப், இன்டேக் ரப்பரில் விழுந்த கீறல் ஆகிய எதுவும் அதே குறியீட்டை எழுப்பலாம். குறியீடு ஒரு சாட்சியம் மட்டுமே. அதைத் தீர்ப்பாகக் கொள்பவர், மழையைக் குற்றஞ்சாட்டிய கதைசொல்லியின் இடத்திலேயே நிற்கிறார்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இது அந்நியமன்று. படைப்பைத் திறக்குமுன்பே கோட்பாட்டின் பெயரைச் சொல்லிவிடும் விமர்சனம், ஒன்றன்பின் ஒன்றாக உதிரிபாகங்களை மாற்றிப் பார்க்கும் பட்டறைக்கு ஒப்பானது. பிர்சிக் 2017இல் மறைந்தார். அவரை மீண்டும் வாசிக்க எண்ணும் நண்பர்கள், தத்துவ அத்தியாயங்களுக்குத் தாவுமுன் அந்த 25 சென்ட் ஊசியின் அருகில் சிறிது நேரம் தங்கிச் செல்ல வேண்டுகிறோம்.