பத்து வண்டிக்காரருக்குச் சட்டம், ஒற்றை வண்டிக்காரருக்குப் பயம்

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. 1990-களில் வந்த டாட்ஜ் ராம் பிக்கப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின். இழுவையில் அது யானை. ஆனால் அதோடு சேர்ந்து வந்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு அந்த யானையைக் கட்டி மேய்க்கத் தெம்பு போதவில்லை என்று பெயர் கெட்டுப்போனது. அதனால் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய வண்டிகளிலிருந்து எடுத்த மேனுவல் கியர் பாக்ஸை வீட்டுக் கொட்டகையிலேயே மாட்டிக்கொள்வார்கள். அப்படிப் போட்ட பாக்ஸிலும் ஐந்தாம் கியரின் நட் கழன்றுவிடும் என்பது அவர்களுக்குள் பேர்போன கதை. அதற்கும் ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 2018 மாடலோடு ராம் நிறுவனமே மேனுவலைக் கைவிட்டது. அதற்குப் பிறகு வந்த வண்டியில் கிளட்சு மிதிக்க ஆசைப்படுகிறவருக்கு இந்த மாற்று வேலையை விட்டால் வேறு வழி இல்லை.

அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே, காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில், அது சோற்றுப் பிரச்சினை.

நம் ஊரில் சரக்கு ஏற்றும் பிக்கப் என்றாலே மேனுவல்தான். இங்கே நடக்கிற மாற்று வேலை வேறு மாதிரி. நாலு கியர் உள்ள பழைய பாக்ஸ் தேய்ந்து போகும். சின்க்ரோ போய் கியர் விழாது, விழுந்தால் நிற்காது, பேரிங் ஓலமிடும். அதைக் கழற்றிவிட்டு அதே கம்பெனியின் பிந்தைய வண்டியில் வந்த ஐந்து கியர் பாக்ஸை மாட்டுவார்கள். பழைய மகிந்திரா ஜீப்புக்கும் அதன் வழிவந்த சரக்கு வண்டிகளுக்கும் பொலேரோவின் ஐந்து கியர் பாக்ஸ் போடுவது பட்டறைக்காரர்களுக்குப் பழகிப்போன சமாச்சாரம். பாக்ஸ் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். மற்றதெல்லாம் லேத் பட்டறை வேலை.

இதில் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நாலாவது கியர் நேர் கியர், அதாவது இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரு சுற்று. 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது கியரின் விகிதம் 0.82 என்றால் அதே வேகத்துக்கு 2460 சுற்று போதும். சத்தம் குறையும், சூடு குறையும், டீசலும் குறையும். விடியற்காலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போய்விட்டு, காலி வண்டியாகத் திரும்பி வருகிறவருக்கு அந்த மிச்சம் மாதக் கடைசியில் தெரியும்.

வேலையும் சுலபமானது அல்ல, சும்மா நாலு போல்ட் முடுக்குவதில்லை. இன்ஜினின் முதுகில் பெல் ஹவுசிங் உட்கார வேண்டும். இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்லைனும் கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்லைனும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிய பாக்ஸ் நீளம் என்றால் புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுருக்கி, மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். சேசிஸில் பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிளின் பல் சக்கரம் மாறினால் முள் பொய் சொல்லும். இதையெல்லாம் சரியாகச் செய்கிற மேஸ்திரிக்கு இன்ஜினியரிங் பட்டம் இருக்காது. பட்டம் வாங்கிய பலருக்கு இந்த வேலை தெரியாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். (வகுப்புத் தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

சரி, இவ்வளவும் செய்த பிறகு அந்த வண்டிக்காரர் சட்டத்தின் முன் யார்? நல்ல பாகம் போட்டவரா, குற்றவாளியா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் என்றால் என்ன என்பதற்கும் அதிலேயே விளக்கம் உண்டு: வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றிவிடுகிற கட்டமைப்பு மாற்றம். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகப் படித்து, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182அ பிரிவைச் சேர்த்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இப்போது ஒரு ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சேசிஸ் எண் இருக்கும், இன்ஜின் எண் இருக்கும். சிலிண்டர் எத்தனை, எத்தனை சி.சி., என்ன எரிபொருள், வீல்பேஸ், எடை, இருக்கை எல்லாம் இருக்கும். வண்டி என்ன நிறம் என்று கூட இருக்கும். கியர் பாக்ஸ் பற்றி ஒரு வரி கிடையாது! நாலு கியரா, ஐந்து கியரா என்று பதிவுச் சான்றுக்கே தெரியாது. பதிவில் இல்லாத ஒன்று பதிவிலிருந்து எப்படி மாறுபடும்? ஆனால் "அடிப்படை அம்சம்" என்ற இரண்டு சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். விபத்து நடந்து காப்பீட்டுப் பணம் கேட்கும்போது, கியர் பாக்ஸ் மாற்றியதை முன்கூட்டியே ஏன் தெரிவிக்கவில்லை என்று ஒரு கேள்வி வந்தால், அந்த இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நிரூபிக்கும் பாரம் தவணை கட்டிக்கொண்டிருப்பவரின் தலையில்தான் விழும். எஃப்.சி.க்குப் போகும் ஒவ்வொரு முறையும் வயிற்றில் புளி கரைக்கும். எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு அது வருடா வருடம்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று அதே 52-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறது. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகள் வைத்திருப்பவருக்கு, அதே தயாரிப்பு அதே வகை இன்ஜினைப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமலேயே மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிக்கை மூலம் வழிவிடலாம். இன்ஜின்! வண்டியின் இதயம். பத்து வண்டி இருந்தால் அதை மாற்றக்கூட ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒற்றைப் பிக்கப்பை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தக் கதவு கிடையாது. பத்து வண்டி முதலாளியின் வண்டி ஒன்று நின்றால் ஒன்பது ஓடும். இவர் வண்டி நின்றால் எல்லாமே நின்றுவிடும். சலுகை யாருக்குத் தேவை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் தலைகீழாகவா யோசித்தார்கள்?

பாதுகாப்பு என்று ஒரு பதில் வரும். அது நியாயமான பதில்தான். குறுக்குச் சட்டத்தை கேஸ் வைத்து வெட்டி ஏனோதானோ என்று பற்றவைக்கும் பட்டறைகள் உண்டு. பேலன்ஸ் பார்க்காத ஷாஃப்டை மாட்டி, அது அதிர்ந்து அதிர்ந்து ஒரு நாள் நடுரோட்டில் கழன்று விழுந்தால் சாவது யாரோ ஒரு அப்பாவி. ரிவர்ஸ் லைட்டின் ஸ்விட்சை இணைக்க மறந்துவிடுவதும் நடக்கும். கியர் கூடியதை நம்பி அளவுக்கு மீறி லோடு ஏற்றுகிற பேராசையும் உண்டு, ஐந்தாவது கியர் பிரேக்கின் பலத்தைக் கூட்டாது. ஆனால் இவை எல்லாம் சோதனை வேண்டும் என்பதற்கான காரணங்கள். பயமுறுத்துவதற்கான காரணங்கள் அல்ல. பயந்தவன் வேலையை இருட்டில் செய்வான், இருட்டில் செய்த வெல்டிங்கை எந்த ஆய்வாளரும் பார்க்க மாட்டார்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் வேறு கணக்கு. அவற்றில் கிளட்ச் ஸ்விட்ச், வேக சென்சார் எல்லாம் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருக்கும். வேறு பாக்ஸைப் போட்டால் இன்ஜினே முரண்டு பிடிக்கலாம். அந்த வண்டிகளில் கை வைக்காதே என்று கம்பெனி சொன்னால் அதில் அர்த்தம் உண்டு. கேபிளும் இரும்பும் மட்டுமே உள்ள பழைய வண்டிக்கும் அதே பூட்டைப் போடுவதில் என்ன அர்த்தம்?

"புது வண்டி வாங்க வேண்டியதுதானே" என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அவர்கள் தவணை கட்டியதில்லை.

உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், கிராம சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகளை அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள். வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவர் உறவினரும் முடியாது. அந்த விதிகள் எல்லாருக்கும் நியாயமானவை என்று யாரும் சொல்லவில்லை, நிலம் இல்லாதவருக்கு அங்கேயும் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் தான் உள்ளேயா வெளியேயா என்பது சுவரைப் படித்தவருக்குத் தெரிந்துவிடும். இன்றைய பிக்கப்காரருக்கு அந்த வசதி கூட இல்லை.

கேட்பது பெரிதல்ல. ஆர்.சி.யில் கியர் பாக்ஸுக்கு ஒரு வரி. அதே தயாரிப்பாளர் அதே இன்ஜினுக்குக் கொடுத்த வேறு கியர் பாக்ஸைப் போட்டால் அது குற்றமல்ல என்று விதியில் ஒரு வாக்கியம். வேலை முடிந்ததும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிக்கு அடியில் குனிந்து வெல்டிங்கையும் ஷாஃப்டையும் பார்த்து, ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். நிறம் மாற்றினால் பதிந்து தருகிற அலுவலகம்தானே, இதையும் பதிந்து தரட்டும். அதுவரை அந்த வண்டி ஐந்தாவது கியரில் விடியற்காலை மூன்று மணிக்கே கோயம்பேட்டுக்குக் கிளம்பிவிடும், வழியில் சோதனை நடக்காத நேரமாகப் பார்த்து.