தொப்பி முழங்கட்டும், சொல்லும் கேட்கட்டும்

சென்ற திங்கள் நமது சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, விரிப்புகளைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் தம் புதல்வனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பையனுக்கு வயது பதினேழு. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் தடையின்றிப் பேசுபவன். தமிழைக் காதால் அறிந்தவனேயன்றிக் கண்ணால் அறியாதவன். அவன் கழுத்தில் புதிய ஹெட்போன் ஒன்று மாலைபோல் தொங்கியது. சாந்தினி மார்க்கெட்டில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதாம்.

"நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். காசைக் கொடுத்து இரைச்சலை வாங்கி வந்திருக்கிறான்" என்றார் தந்தையார்.

"இல்லை மாமா, பேஸ் எவ்வளவு நன்றாக இருக்கிறது, பாருங்கள். அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை" என்றான் மைந்தன்.

வழக்கைத் தீர்க்க வேண்டி நாம் அக்கருவியைச் செவிகளில் அணிந்து, நமக்கு நன்கு பழகிய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டோம். மிருதங்கத்தின் இடப்பக்கம் இடியென முழங்கியது. ஆயின், பாடகர் பாடிய சாகித்தியத்தில் பாதிச் சொற்கள் விளங்கவில்லை. தம்பூரா இருந்த இடமே தெரியவில்லை. தந்தை சொன்னதும் மெய். மைந்தன் சொன்னதும் மெய். இரண்டும் எவ்வாறு ஒருங்கே மெய்யாயின என்பதையும், ஒன்றுக்காக மற்றொன்றை இழந்துவிடாமல் ஹெட்போனைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதையும் இத்திங்கள் ஆராய்வோம். மெல்லிய சுவர்களும் சிறிய அறைகளும் கொண்ட அடுக்குமாடி இல்லங்களில் வாழும் நம்மனோர்க்கு இக்கருவி இன்றியமையாததாகிவிட்டதால், இவ்வாராய்ச்சி பயனற்றுப் போகாது என நம்புகிறோம்.

கனத்த ஒலியை விரும்புவது குற்றமன்று என்பதை முதற்கண் கூறிவிடுவோம். மனிதச் செவி வினாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்க வல்லது. அவற்றுள் ஏறத்தாழ 250-க்கு உட்பட்டனவற்றையே பேஸ் என்கின்றனர்; நாம் மந்தர ஒலி என்போம். தம்பூராவின் இறுதித் தந்தியை மந்தர ஷட்ஜத்தில் சேர்ப்பது நம் மரபு. மிருதங்க வித்வான் கச்சேரி தொடங்குமுன் இடப்பக்கமாகிய தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதும், அந்நாதத்தைத் தாழ்த்திக் கனப்படுத்துவதற்கே. மேனாட்டிலும் இவ்விருப்பம் உண்டு. அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி என்னும் ஆய்வாளர்கள் 2010-களில் பலருக்கும் பலவகை ஒலியமைப்புகளைக் கேட்பித்துச் சோதித்தபோது, மந்தர ஒலி சில டெசிபெல் உயர்ந்திருப்பதையே பெரும்பாலோர் விரும்பக் கண்டனர். அவ்வுயர்வு ஏறத்தாழ 100 அதிர்வுகளுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பதும் அவ்வாராய்ச்சியிலிருந்து பெறப்பட்டது. இவ்வெல்லையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; இனிக் கூறுவன யாவும் இதனையே பற்றியவை.

இவ்விடத்தில் நமது நகரத்தைச் சார்ந்த செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1907-ஆம் ஆண்டில் அரசாங்க நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தவர் சர் சி. வி. இராமன். பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் சோதனைகள் செய்து வந்தார் அவர். 1920-ஆம் ஆண்டில், அதாவது அவர் பல்கலைக் கழகப் பேராசிரியராகிவிட்ட பின்னர், சிவகாளி குமார் என்பாருடன் சேர்ந்து நம் நாட்டு மத்தளங்களைப் பற்றிய கட்டுரையை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். வெறும் தோலைத் தட்டினால் எழும் மேலோசைகள் ஒன்றோடொன்று இசையா. வலந்தலையில் பூசப்பட்டுள்ள கருஞ்சாந்தோ அவற்றைச் சுருதியோடு இசையும் முறையில் ஒழுங்குபடுத்துகிறது என்பதே அவர் காட்டிய உண்மை.

ஹெட்போன் வாங்கப் போகிறவருக்கு இதனால் என்ன பயன் எனில், முழவின் ஒலி என்பது அடியில் எழும் ஓர் அதிர்வு மட்டுமன்று என்பது தெளிவாகிறது. தொப்பியில் எழும் ஓசையிலும், கை தோலைத் தொடும் கணத்தில் பிறக்கும் கூரிய ஒலி மேல் அதிர்வுகளில் இருக்கிறது; அதனைப் பின்தொடர்ந்தே கனத்த நாதம் எழுகிறது. கூரிய ஒலி குறைந்து, அடியோசை மட்டும் பெருத்துவிட்டால், நாம் கேட்பது மிருதங்கமாகாது. கதவைத் தட்டும் ஓசையாகிவிடும். ஆகவே நல்ல மந்தர ஒலியை வேண்டுவோர் மேல் ஒலியும் செவ்வையாக உள்ள கருவியையே நாட வேண்டும்.

இனி, சொற்கள் ஏன் மறைந்தன என்பதைப் பார்ப்போம். தாழ்ந்த ஒலி உரத்து ஒலிக்கையில் அதற்கு மேலுள்ள ஒலிகளை அது மூடிவிடும். மேல் ஒலி கீழ் ஒலியை அவ்வளவாக மூடுவதில்லை. இது நம் செவியின் இயல்பு. மலிவான கருவிகள் பலவற்றில் 100 முதல் 300 அதிர்வுகள் வரையுள்ள பகுதியையே பெருக்கி விடுகின்றனர். கடையில் ஒரு நிமிடம் கேட்பவரை அது எளிதில் மயக்கிவிடும். ஆனால் ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 அதிர்வுகளில் அன்றோ நிற்கிறது! முழவைப் பெருக்குவதாக எண்ணிப் பாடகரின் குரலையும் அங்கே ஊதிப் பெருக்கிவிடுகிறோம். குரல் கனத்து மங்குகிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் நுண்ணொலிகளோ பெரும்பாலும் 1,000 அதிர்வுகளுக்கு மேலே உள்ளவை. அவை அடியிலிருந்து எழும் புகையில் மறைகின்றன.

தமிழ்நாட்டில் வாழ்வோர்க்கு இஃது இசையைப் பற்றிய குறையாக மட்டும் இருக்கலாம். பாட்டில் ஒரு சொல் மறைந்தால் அதைத் தெருவில் கேட்டுவிடுவர். நம் குழந்தைகளுக்குத் தெருவில் கேட்பது வங்காளம். லகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றின் வேறுபாட்டை அவர்கள் கற்பது பெற்றோர் பேச்சிலிருந்தும், ஊரிலிருந்து பாட்டி பேசும் தொலைபேசியிலிருந்தும், பாட்டுகளிலிருந்துமே. அம்மூன்றில் இரண்டு இன்று ஹெட்போன் வழியாகவே செவி புகுகின்றன. அக்கருவி சொல்லை மூடிவிட்டால், அவர்களுக்கு எஞ்சியுள்ள சில வாயில்களுள் ஒன்று அடைபட்டதாகும்.

ஆதலின் தேர்ந்தெடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

புதிதாக வாங்குமுன், உள்ள கருவியைச் சரியாக அணிந்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். செவித் துளையில் செருகும் இயர்போன்களுடன் சிறிதும் பெரிதுமாக ரப்பர் முனைகள் சில கொடுக்கப்படுகின்றன. பலர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே அணிந்துகொண்டு, மற்றவற்றை எறிந்துவிடுகின்றனர். முனை செவியோடு பொருந்தாமல் சிறிது இடைவெளி இருப்பினும் மந்தர ஒலிதான் முதலில் கசிந்துபோகும். "பேஸ் இல்லை" என்று குறைகூறப்படும் கருவிகளுள் பலவற்றுக்கு வேண்டுவது முனை மாற்றமே. இரு செவிகளுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு. செவியை முழுதும் மூடும் பெரிய ஹெட்போன் அணிவோருள் மூக்குக்கண்ணாடி உடையவர்கள், கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி நிறுத்தாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வகை. பின்புறம் திறந்த ஹெட்போன்களில் ஓசை விசாலமாகக் கேட்கும்; ஆயினும் அவற்றுள் பலவற்றில் மிகத் தாழ்ந்த ஒலிகள் தேய்ந்துவிடும், ஓசை வெளியிலும் கசியும். ஒரே அறையில் ஒருவர் படிக்க மற்றொருவர் பாட்டுக் கேட்கும் இல்லங்களுக்குப் பின்புறம் மூடிய வகையே ஏற்றது. செருகும் இயர்போன் நன்கு பொருந்துமாயின், சிறியதாயினும் ஆழ்ந்த மந்தர ஒலியைத் தர வல்லது.

பெட்டியின்மேல் அச்சிட்டவற்றைக் கண்டு மயங்கலாகாது. "20 முதல் 20,000 வரை" என்பது ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் காணப்படும். எத்தனை டெசிபெல் ஏற்றத்தாழ்வுக்குள் அவ்வெல்லையை அடைகிறது என்று சொல்லாதவரை அவ்வெண்களுக்குப் பொருளில்லை. உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவரின் விட்டம் 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்பதும் தானாக எதையும் உறுதி செய்யாது.

செவியே நீதிபதி. ஆனால் அந்நீதிபதிக்கு நல்ல சாட்சிகள் வேண்டும். கடைக்காரர் ஒலிபரப்பும் பாட்டை விடுத்து, நமக்குப் பழகிய நான்கு பதிவுகளை நம் கைபேசியிலேயே கொண்டு செல்வோம்.

முதலாவது, ஒருவர் தமிழில் நிதானமாகப் பேசும் பதிவு. ஆண் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தாலும், 'வலி'யும் 'வழி'யும் ஒன்றாகக் கேட்டாலும், அக்கருவியை அப்பொழுதே திருப்பித் தந்துவிடலாம். இரண்டாவது, தம்பூராவுடன் கூடிய ஆலாபனை. தந்தியின் ரீங்காரம் இடையறாது கேட்க வேண்டும். மூன்றாவது, தனி ஆவர்த்தனம். தொப்பியின் ஒவ்வோர் அடியும் தொடங்குமிடமும் முடியுமிடமும் தெளிவாதல் வேண்டும். ஓர் அடியின் வால் மறு அடியின் தலையில் விழக்கூடாது. நான்காவது, பேஸ் கிட்டார் சிறந்து விளங்கும் திரைப்பாடல். இளையராஜா அவர்கள் 1980-களில் அமைத்த பாடல்கள் இதற்கு மிகப் பொருந்தும். அவற்றில் அக்கருவி தாளத்துக்குத் துணையாய் நில்லாமல் தனக்கென ஒரு மெட்டில் நடந்து செல்லும். அதன் மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வு ஏறத்தாழ 41. அம்மெட்டை நாம் உடன் முணுமுணுக்க முடிந்தால் கருவி நல்லது. எல்லாச் சுரங்களும் ஒரே 'தும்' என்று கேட்டால், அங்கே மிகுந்திருப்பது ஓசையே தவிர இசை அன்று.

இரு கருவிகளை ஒப்பிடுகையில் இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்குமாறு செய்துகொள்க. சற்று உரத்துக் கேட்பதையே நம் செவி சிறந்ததெனக் கருதிவிடும். இணையத்தில் வாங்குவோர், திருப்பி அனுப்பும் காலக்கெடுவைப் பார்த்த பின்னரே பணம் செலுத்துவது நன்று.

உரப்பைப் பற்றிப் பெற்றோர்க்குக் கூற வேண்டுவது ஒன்றுண்டு. ஒலி மெலிந்திருக்கும்போது நம் செவி தாழ்ந்த அதிர்வுகளைக் குறைவாகவே உணர்கிறது. இதனை ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினர். பேஸ் போதவில்லை என்று எண்ணும் இளைஞர் உரப்பை உயர்த்துவதற்கு இதுவே காரணம். மெட்ரோ ரெயிலிலும் பேருந்திலும் எந்திரத்தின் உறுமலே மந்தர ஒலியை மூடிக்கொள்வதால், அங்கே மேலும் உயர்த்துகின்றனர். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரமும், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் அளவில் அதே 40 மணி நேரமும் எல்லையாக வகுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. உரத்த ஒலியால் நசிந்த உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே நாள்தோறும் வண்டியில் செல்வோர்க்கு நன்கு பொருந்தும் முனைகளையோ, வெளியிரைச்சலைத் தணிக்கும் வசதியுள்ள கருவியையோ வாங்கித் தருவது தகும். இரைச்சல் குறைந்தால், உரப்பை உயர்த்தாமலே தொப்பி கேட்கும்.

இறுதியாக, அந்த இரண்டாயிரம் ரூபாய் ஹெட்போனைப் பற்றிக் கூற வேண்டுமன்றோ? அதை எறிந்துவிடச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் ஈக்வலைசர் என்னும் அமைப்பு உண்டு. 60, 230, 910, 3,600, 14,000 என ஐந்து படிகள் அதில் காணப்படும். பையனின் கைபேசியில் 230 என்னும் படியை மட்டும் நான்கு டெசிபெல் இறக்கினோம், 60-ஐத் தொடவில்லை. எதையும் ஏற்றாமல் மிகுந்ததை இறக்குவதே இதில் நல்ல முறை. அளவுக்கு மீறி ஏற்றினால் ஒலி சிதையும்.

பிறகு அதே கச்சேரிப் பதிவை ஒலிக்கச் செய்து, ஹெட்போனைப் பையனின் தலையில் வைத்தோம். தொப்பி குறைந்துவிட்டதென்று குறைகூறுவான் என எதிர்பார்த்தோம். அவன் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் செவியிலிருந்து விலக்கி, "அப்பா, கார்முகில் என்றால் என்ன?" என்று கேட்டான்.

தந்தையார் விளக்கத் தொடங்கினார். நாம் விரிப்புகளை எடுத்து வைக்கப் போனோம்.