வாங்காத போனுக்கு அவன் ஏன் தவணை கட்ட வேண்டும்?

"ஓ.டி.பி. சொன்னது அவன் தப்புதானே சார்?"

ஒரு வாரமாக இதையே கேட்டுக் காது புளித்துவிட்டது. கேட்கிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். இரண்டு பேர் என்னிடமே படித்தவர்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் இதுதான். திரேஸ்புரத்தில் என் பழைய மாணவன் ஒருவன், சங்கு குளிக்கப் போகிறவன். அவன் கணக்கிலிருந்து ஒரு நாள் 1,749 ரூபாய் போயிருக்கிறது. அடுத்த மாதம் கணக்கில் பணம் இல்லை. தவணை திரும்பியது என்று வங்கி 295 ரூபாய் பிடித்தது. கடன் கம்பெனி தன் பங்குக்கு அபராதம் போட்டது. மூன்றாம் மாதமும் அதே கதை. விசாரித்தால், அவன் பெயரில் தவணைக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கப்பட்டிருக்கிறது. அவன் கையில் இருப்பதோ பட்டன் தேய்ந்த பழைய போன். "நான் அந்தப் போனைக் கண்ணாலயே பாக்கல சார்" என்றான்.

கிளறிப் பார்த்ததில் தெரிந்தது: சில மாதங்களுக்கு முன்னால் ரோட்டோரம் குடை விரித்து "சிம் இலவசம்" என்று விற்றவனிடம் ஆதார், பான் கார்டு கொடுத்திருக்கிறான். கேஷ்பேக் போடுவதற்கு என்று சொல்லி வங்கிக் கணக்கு எண்ணையும் வாங்கியிருக்கிறார்கள். முகத்தைப் படம் பிடித்தார்கள். "சர்வர் சரியில்லை, இன்னொரு நம்பர் வரும், அதையும் சொல்லுங்க அண்ணே" என்று மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். முதல் நம்பர் சிம்முக்கு. மற்றது எதற்கு என்று இப்போது புரிகிறது.

(இலவசம் என்றால் நம் ஊருக்குப் புதிதா? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது, அதை ஒழிக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் பயணமும் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றது. இப்போது அந்தக் குடைக்குக் கீழேயே உட்கார்ந்து விற்கிறார்கள்.)

சரி, "அவன் தப்பு" வாதத்துக்கு வருவோம். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 13-ஆம் பிரிவு. சம்மதம் என்றால் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு ஒரே பொருளில் ஒத்துக்கொள்ள வேண்டும். இவன் ஒத்துக்கொண்டது சிம்முக்கு. அவர்கள் எழுதிக்கொண்டது போன் கடனுக்கு. இதில் ஒப்பந்தம் எங்கே இருக்கிறது? ஆறு இலக்க எண்ணைச் சொன்னான் என்பதால் அவன் கடன்காரன் ஆகிவிடுவானா? வெற்றுத் தாளில் ஏமாற்றிக் கைநாட்டு வாங்கிய வட்டிக்காரனை அந்தக் காலத்தில் திட்டினோம். அதே வேலையைச் செல்போனில் செய்தால் "டிஜிட்டல்" என்று கும்பிடுகிறோம்.

வங்கிக் கணக்கு மோசடிகளில், வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால் அவர் புகார் செய்யும் வரையிலான நஷ்டம் அவருடையது என்று 2017 ஜூலை ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை சொல்கிறது. மறைக்கவில்லை. ஆனால் அதே சுற்றறிக்கைதான், பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய சுமை வங்கியினுடையது என்றும் சொல்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

கடன் கம்பெனியிடம் அலைந்து ஒப்பந்த நகல் வாங்கினோம். அதில் இருந்த செல் நம்பர் இவனுடையது அல்ல! கடன் பற்றிய குறுஞ்செய்தி எல்லாம் வேறு யாருக்கோ போயிருக்கிறது. ஆள் யார் என்று சரிபார்க்காமல் பணத்தைக் கொடுத்தது கம்பெனி. கமிஷன் வாங்கியது அவர்களுடைய ஏஜெண்ட். கவனக்குறைவு மட்டும் இவனுடையதாம்.

இன்னொன்று கேட்கிறேன். ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்று 15 இலக்க எண் உண்டு. பில்லில் அது இருக்கும். அந்தப் போனில் இன்று யாருடைய சிம் ஓடுகிறது என்று போலீஸ் நினைத்தால் கண்டுபிடிக்கலாம். தவணை தவறினால் போனையே பூட்டிவிடும் செயலிகளும் தவணை போன்களில் போடப்படுகின்றன. அப்படியிருக்க, போன் வைத்திருப்பவனை விட்டுவிட்டு, போன் இல்லாதவன் வீட்டுக்கு ஏன் ஆள் அனுப்புகிறார்கள்? இவன் முகவரி தெரியும், இவன் பயப்படுவான். அவ்வளவுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் மனைவிக்குப் போன் போட்டுத் திட்டியிருக்கிறார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியாகிவிட்டது.

வெளிநாடுகளில் ஒரு காலத்தில் கேட்காத பொருளைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே பில் அனுப்புவார்கள். அமெரிக்கா 1970-லும் பிரிட்டன் 1971-லும் சட்டம் போட்டு அதை நிறுத்தின. அமெரிக்காவில் கேட்காமல் வந்த பொருளைப் பரிசாகவே வைத்துக்கொள்ளலாம். அங்கே பொருளாவது கைக்கு வந்தது! நம் நாட்டில், கேட்காத கிரெடிட் கார்டை அனுப்பிக் கட்டணம் போட்டால், அதைத் திருப்பிக் கொடுப்பதோடு இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும் என்று 2022-இல் விதி வந்தது. கார்டுக்கு ஒரு நியாயம், போன் கடனுக்கு ஒரு நியாயமா?

"சின்னத் தொகைதானே, கட்டித் தொலைத்துவிடலாமே" என்பவர்களுக்கு: கட்டினால் கடனை ஒத்துக்கொண்டதாகத்தான் நாளைக்குப் பேசுவார்கள். கட்டாவிட்டாலும் சும்மா விடவில்லை. வள்ளத்துக்கு இன்ஜின் வாங்க வங்கிக் கடன் கேட்டுப் போனவனை, சிபில் மதிப்பெண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உனக்கு அது 1,749 ரூபாய். அவனுக்கு அது ஒரு வருடத் தொழில்.

நாங்கள் செய்தது இது. 1930-க்கு அழைத்துச் சைபர் கிரைமில் பதிந்தோம். ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். தவணை பிடிப்பதை நிறுத்தும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கினோம். கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். எந்தக் கடை, ஐ.எம்.இ.ஐ. எண் என்ன, போனை வாங்கியவர் கையெழுத்து எங்கே, கொடுக்கும்போது எடுத்த படம் எங்கே என்று நான்கே கேள்விகள். சிபிலுக்கும் தனியாக ஒரு புகார். அதை 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை.

கம்பெனிக்கும் 30 நாள்தான். பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன், கட்டணம் கிடையாது. அதற்கும் மேலே நம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இன்றோடு 19 நாள் ஆகிறது. பதில் வரவில்லை, ஆனால் வசூல் போன் நின்றுவிட்டது.

இதே குடைக்காரனிடம் சிம் வாங்கிய இன்னும் இரண்டு பேர் நேற்று வந்தார்கள். அவர்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், கடிதம் நான் எழுதித் தருகிறேன். பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கொண்டுவாருங்கள். வந்த குறுஞ்செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.