துளை போட்ட கைக்குட்டை

பொழிச்சலூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானத்தின் சக்கரம்கூடத் தெரியும். அது கடந்து போகும்வரை பேச்சை நிறுத்திவைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். போன ஞாயிறு அப்படி ஒரு விமானம் போனதும், மூன்றாம் வகுப்புப் பேத்தி கேட்டாள்: "பாட்டி, உள்ள இருக்கிற எல்லாருக்கும் பாராசூட் குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க" என்றேன். தொடக்கப் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் நான். வாயைத் திறந்தால் விளக்கம் கொட்டும். அன்று அடக்கிக்கொண்டேன். பள்ளிக் கண்காட்சிக்கு அவள் கொண்டுபோன பாராசூட் நினைவுக்கு வந்தது. அப்பா வாங்கி, அம்மா ஒட்டி, தெர்மாகோலில் குத்திவைத்தது. பரிசும் வாங்கியது. ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை.

நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கொடுத்தேன். ஒன்றைக் கசக்கி, மற்றதை விரித்தபடி, ஒரே நேரத்தில் விடச் சொன்னேன். கசக்கியது முந்தியது. "கசக்குனா வெயிட்டு கூடிடுமா?" என்று கேட்டு, ஏழெட்டு முறை விட்டுப் பார்த்து, அவளே சொன்னாள்: "இல்ல, விரிச்சா காத்து தாங்குது." 'காற்றுத்தடை' என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் மனப்பாடம் செய்துவிட்டு ஓடியிருப்பாள்.

அடுத்து தாத்தாவின் கைக்குட்டை. நாலு முனையிலும் நூல், கீழே கூழாங்கல். ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி விழுந்தது. குடைக்குள் சிக்கிய காற்று ஒரு முறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் என வழிவதால் வரும் ஆட்டம் அது. நடுவில் சின்னத் துளை போட்டதும், கொஞ்சம் காற்று நேரே மேலே போக, ஆட்டம் அடங்கியது. கைக்குட்டைக்கு உரியவரின் கோபம் அடங்க இரண்டு நாள் ஆனது.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக இஸ்ரோ செய்வதும் இப்படி விட்டுப் பார்க்கும் வேலைதான். 2025 ஆகஸ்ட் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், ஏறக்குறைய 5 டன் எடையுள்ள மாதிரிக் கலத்தை, சுமார் 3 கிலோமீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விட்டு, பாராசூட் விரிகிறதா என்று பார்த்தார்கள். தெர்மாகோலில் குத்திவைக்கவில்லை.

தமிழக அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பரில், செய்து பார்த்து அறிவியல் கற்பதற்காகவே தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு. கேள்வி கேட்கும் வயது அதற்கு முன்பே வந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பிலிருந்தே, செய்து பார்க்க வாரம் ஒரு பாடவேளையாவது கொடுங்கள். ஆகும் செலவு: ஒரு பழைய கைக்குட்டை, நாலு முழம் நூல், ஒரு கூழாங்கல்.