ஜெயிக்கப்போறவர் ஏன் விவாத மேடைக்கு வரணும்? விருத்தாசலத்தில் ஒரு பதில் இருக்கு

பீங்கான் வேலை தெரிந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சூளையிலிருந்து இறக்கிய சாமானை விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். 'ணங்' என்று கேட்டால் சரக்கு சரி. சத்தம் செத்துப்போயிருந்தால் உள்ளே எங்கோ விரிசல். வெளியே பார்க்க இரண்டும் ஒரே பளபளப்புதான். கடைக்குப் போவதற்கு முன்னாடியே விரிசல் தெரிந்துவிட்டால் நஷ்டம் ஒரு சாமானோடு போகும். வாங்கியவர் வீட்டில் தெரிந்தால் பெயரே போய்விடும்.

செராமிக் ஊரான விருத்தாசலத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தேர்தல் என்று வந்துவிட்டால், தட்டிப் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

கேள்வி இதுதான்: முன்னணியில் இருக்கும் ஒரு வேட்பாளர், 'இவரெல்லாம் எங்க ஜெயிக்கப் போறார்' என்று சொல்லப்படும் போட்டியாளர்களோடு ஒரே மேடையில் நின்று விவாதிக்க வேண்டுமா? வேண்டும் என்பதுதான் என் பதில். அது சின்ன வேட்பாளருக்குச் செய்கிற உதவி இல்லை. நமக்கும், முன்னணியில் இருப்பவரின் கட்சிக்கும்தான் அதில் லாபம் அதிகம்.

தரூர் கேட்டார், நடக்கவில்லை

இந்தியாவில் ஒரு பெரிய கட்சிக்குள் இந்தக் கேள்வி நேரடியாக எழுந்தது 2022-ல். 24 ஆண்டுகளுக்குப் பிறகு நேரு குடும்பத்தைச் சேராத ஒருவர் காங்கிரஸ் தலைவராகப்போகிற தேர்தல் அது. மல்லிகார்ஜுன கார்கே ஒரு பக்கம், சசி தரூர் இன்னொரு பக்கம். கட்சியின் மூத்த தலைவர்கள் பெரும்பாலும் கார்கே பின்னால் நின்றார்கள். யார் ஜெயிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பொது விவாதம் வைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் தரூர். கார்கே அதில் ஆர்வம் காட்டவில்லை. விவாதம் நடக்கவே இல்லை. அக்டோபர் 17-ல் வாக்குப்பதிவு, 19-ல் முடிவு: கார்கே 7,897, தரூர் 1,072.

'அதான் ஜெயிச்சிட்டாரே, விவாதம் எதுக்கு?' என்று கேட்கலாம். முடிவு மாறியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஓட்டுப் போட்ட ஒன்பதாயிரத்துச் சொச்சம் பிரதிநிதிகள், தங்கள் புதிய தலைவர் கட்சியை எப்படி மீட்கப்போகிறார் என்பதை ஒரு கடுமையான கேள்விக்குப் பதிலாகக் கேட்டதே இல்லை. தோற்கப்போகிறவர் கேட்டிருந்தாலும் கேள்வி கேள்விதானே?

நம்ம மாநிலத்தில் அந்த அளவுக்குக்கூட வருவதில்லை. திமுக தலைவராக மு.க.ஸ்டாலின் 2018-லும், அதிமுக பொதுச்செயலாளராக எடப்பாடி பழனிசாமி 2023-லும் போட்டியின்றித் தேர்வானார்கள். எதிரில் ஆளே இல்லாத இடத்தில் விவாதம் யாரோடு?

அமெரிக்காவில் இரண்டு பேர் தவிர்த்தார்கள்

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவே தனியாக ஒரு தேர்தல் நடத்துகிற நாடு அமெரிக்கா. 2024 அதிபர் தேர்தலுக்கான அந்த முதல் சுற்றில், இரண்டு பெரிய கட்சிகளிலும் முன்னணியில் இருந்தவர்கள் மேடைக்கு வரவில்லை.

குடியரசுக் கட்சியில் டிரம்ப். 2023 ஆகஸ்ட் 23-ல் மில்வாக்கியில் முதல் விவாதம் நடந்தபோது நிக்கி ஹேலி, விவேக் ராமசாமி உட்பட எட்டுப் பேர் மேடையில் இருந்தார்கள். டிரம்ப் வரவில்லை. அதற்கடுத்த விவாதங்களுக்கும் வரவில்லை. வேட்பாளராகவும் ஆனார், அதிபராகவும் ஆனார். 'போகாம இருந்தா என்ன நஷ்டம்?' என்று கேட்பவர்களுக்கு இவர்தான் உதாரணம்.

ஜனநாயகக் கட்சியில் கதை வேறு. அதிபராக இருந்த ஜோ பைடனை எதிர்த்து டீன் பிலிப்ஸ் என்ற எம்.பி. நின்றார். பைடனின் வயதைப் பற்றியும், அவரால் ஜெயிக்க முடியுமா என்பது பற்றியும் வெளிப்படையாகக் கேட்டார். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. பைடன் அவரோடு ஒரு விவாதத்துக்கும் போகவில்லை.

பிறகு 2024 ஜூன் 27. அட்லாண்டாவில் டிரம்போடு விவாதம். பைடன் தடுமாறியதை உலகமே பார்த்தது. ஜூலை 21-ல் போட்டியிலிருந்து விலகினார். தேர்தலுக்கு நான்கு மாதம்கூட இல்லாத நிலையில் கட்சி கமலா ஹாரிஸை நிறுத்தி, நவம்பரில் தோற்றது.

முன்கூட்டியே விவாதம் நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விரிசல் இருக்கிறதா என்று ஜனவரியில் உள்ளூரிலேயே தட்டிப் பார்த்திருக்கலாம். ஜூனில் எதிராளியின் முன்னால் தெரிந்தபோது, மாற்று தேடக் கட்சிக்கு நேரமே இல்லை.

இந்த இரண்டு கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். மேடைக்குப் போகாமல் இருப்பது வேட்பாளருக்கு லாபமாக இருக்கலாம். கட்சிக்கும் மக்களுக்கும் அதே லாபம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. 'நம்ம தலைவருக்கு எது நல்லது' என்பதும் 'நமக்கு எது நல்லது' என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.

தவிர்ப்பவர் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. மூன்றைச் சொல்லலாம்.

ஒன்று, சமமில்லாத ஆட்டம். முன்னணியில் இருப்பவர் ஒரு வார்த்தை தவறினால் அது நாள் முழுக்க ரீல்ஸாக ஓடும். எதிரில் இருப்பவருக்கு இழக்க ஒன்றுமில்லை.

இரண்டு, கூட்டம். ஒரு தொகுதியில் இருபது பேர் நின்றால் இருபது பேரையும் ஏற்றினால் அது விவாதமா, திருவிழாவா? விளம்பரத்துக்காகவே மனு தாக்கல் செய்பவர்களும் உண்டு.

மூன்றாவதுதான் எனக்குக் கனமாகப் படுகிறது. நன்றாகப் பேசுபவர் நன்றாக வேலை செய்வார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நம்ம ஊரில் மேடைப்பேச்சுக்கு இருக்கிற மவுசு தெரிந்ததுதான். நாக்கு வன்மை இல்லாத, ஆனால் தாலுகா ஆபீஸ் படிக்கட்டு தேய நடந்து மக்களுக்கு வேலை செய்த ஒருவர், விவாதத்தில் தோற்றுப்போகலாம்.

இந்த மூன்றையும் விவாதத்தை நடத்தும் விதத்தால் சரிசெய்ய முடியும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு அடிப்படைச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: 'ஜெயிக்க வாய்ப்பில்லாதவர்' என்று யார் முடிவு செய்வது?

2006: விருத்தாசலம் கொடுத்த அதிர்ச்சி

2005 செப்டம்பரில் மதுரையில் தேமுதிகவைத் தொடங்கினார் விஜயகாந்த். எட்டே மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். கூட்டணி கிடையாது. ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் தனியாக நின்றார்கள். அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டது விருத்தாசலம். அவருக்குச் சொந்த ஊரும் இல்லை, சொந்த மாவட்டமும் இல்லை. பாமக வலுவாக இருந்த பகுதி, அதுவும் திமுக கூட்டணியோடு. எதிரில் அதிமுகவும் இருந்தது. 'சினிமாவில் ஜெயிக்கலாம், இங்க முடியுமா?' என்பதுதான் அப்போதைய பேச்சு.

முடிவு வந்தபோது விஜயகாந்துக்கு 61,337 ஓட்டு. பாமகவுக்கு 47,560. வித்தியாசம் 13,777. மாநிலம் முழுக்க அந்தக் கட்சி ஜெயித்த ஒரே தொகுதி இதுதான். ஐந்தே ஆண்டில், 2011-ல், அதிமுக கூட்டணியில் 29 இடங்களை ஜெயித்து அவர் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இதே தொகுதி மறுபக்கத்தையும் காட்டியது. 2021-ல் பிரேமலதா விஜயகாந்த் இங்கே நின்றார். பெரிய பெயர், தெரிந்த முகம். மூன்றாமிடம்தான் கிடைத்தது. டெபாசிட்டும் போனது. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் பாமக வேட்பாளரைத் தோற்கடித்தது வெறும் 862 ஓட்டில்.

ஒரே ஊர், பதினைந்து வருஷம். 'வாய்ப்பே இல்லை' என்று சொல்லப்பட்டவர் ஜெயித்தார், பெரிய பெயர் டெபாசிட் இழந்தது. முன்னணி, பின்னணி என்பதெல்லாம் ஓட்டு எண்ணும் வரைக்கும் வெறும் யூகம்தான். அந்த யூகத்தை வைத்து யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று முடிவு செய்தால், மக்களுக்கு முன்னாடியே நாம் ஓட்டுப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இலங்கையிலும் இப்படித்தான். 2019 அதிபர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 3.16 சதவீதம். 2024-ல் அவர்தான் அதிபர்.

சரி, மேடையில் யாரை ஏற்றுவது?

வடிகட்டி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். 2023-ல் குடியரசுக் கட்சி தன் முதல் விவாதத்துக்கு ஒரு விதி வைத்தது: குறைந்தது 40,000 பேரிடம் நன்கொடை வாங்கியிருக்க வேண்டும், கருத்துக்கணிப்பில் ஒரு சதவீதமாவது இருக்க வேண்டும். நமக்கு அது அப்படியே ஒத்துவராது. தொகுதி அளவில் நம்பகமான கருத்துக்கணிப்பு நம்மிடம் இல்லை. நன்கொடையை அளவாக வைத்தால் பணம் உள்ளவர்தான் மேடை ஏறுவார்.

போன தேர்தலில் வாங்கிய ஓட்டை வைக்கலாமா? அந்த விதிப்படி 2006-ல் விஜயகாந்தே மேடை ஏறியிருக்க முடியாது. அவர் கட்சி போன தேர்தலில் இல்லவே இல்லை.

அதனால் இரண்டு கதவு வைக்கலாம் என்பது என் யோசனை. முதல் கதவு, போன தேர்தலில் அந்தத் தொகுதியில் ஓரளவு ஓட்டு வாங்கிய கட்சிகளுக்கு. இரண்டாவது கதவு, புதியவர்களுக்கு. இப்போதே அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளரின் மனுவை ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். அதே வழியில் கொஞ்சம் உயர்த்தி, தொகுதி வாக்காளர்கள் ஆயிரம் பேரின் கையெழுத்தோடு வருபவருக்கு மேடையில் இடம் என்று வைக்கலாம். விளம்பரத்துக்கு நிற்பவரால் ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. நிஜமாக வேலை செய்பவரால் முடியும்.

பேச்சுத்திறமைப் பிரச்சினைக்கும் வழி உண்டு. வேட்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கத்த வேண்டாம். கேள்வியை ஊர்க்காரர்கள் கேட்கட்டும். சூளைக்கு ஆகும் எரிபொருள் செலவுக்கு என்ன வழி? வெளியிலிருந்து விலை குறைவாக வந்து இறங்கும் பீங்கானோடு நம்ம சிறு கூடங்கள் எப்படிப் போட்டி போடுவது? செராமிக் படித்த பையனுக்கு இங்கேயே வேலை உண்டா? விருத்தாசலத்தைத் தலைநகராக வைத்துத் தனி மாவட்டம் கேட்கிறோமே, உங்கள் நிலைப்பாடு என்ன? எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரு நாள் முன்னாடியே கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் குறை நாக்கில் இல்லை.

இது நம்ம நாட்டில் நடக்குமா?

டெல்லி ஜே.என்.யூ. மாணவர் தேர்தலில் வருஷக்கணக்காக நடக்கிறது. தலைவர் பதவிக்கு நிற்கும் எல்லோரும், சுயேச்சை உட்பட, ஒரே மேடையில் பேசுவார்கள். பெரிய அமைப்பின் ஆள் என்பதற்காக யாருக்கும் விலக்கு கிடையாது. மாணவர்களால் முடிகிறதென்றால் எம்.எல்.ஏ. வேட்பாளர்களால் ஏன் முடியாது?

பொங்கல் அன்றைக்குக் காலையில் டிவியைப் போட்டால் பட்டிமன்றம். மாமியாரா மருமகளா என்று இரண்டு தரப்பையும் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறோம். நம்மை ஐந்து வருஷம் ஆளப்போகிறவர்களை மட்டும் ஒருதரப்பாகவே, அவர்கள் போட்ட மேடையில், அவர்கள் கூட்டி வந்த கூட்டத்தோடு கேட்கிறோம்.

விவாதத்துக்கு வா என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் அழைக்க வேண்டியது நாம்தான். ஊர் வணிகர் சங்கமோ, கல்லூரியோ, குடியிருப்போர் சங்கமோ ஒரு மண்டபம் எடுக்கலாம். இறுதி வேட்பாளர் பட்டியலுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கிறது. அதில் ஒரு மாலை போதும். ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரை செலவு செய்ய அனுமதி உள்ள தேர்தலில், கையில் காசில்லாதவருக்கும் சமமான பத்து நிமிஷம் கிடைக்கிற ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

முன்னணியில் இருப்பவர் வரவில்லையென்றால்? அவர் பெயர் எழுதிய நாற்காலியைக் காலியாகவே போட்டு நடத்துங்கள். அவரைத் திட்ட வேண்டாம். கேள்விகளை மட்டும் அந்த நாற்காலியைப் பார்த்தும் கேளுங்கள். 862 ஓட்டில் முடிவான தொகுதியில், அந்தக் காலி நாற்காலியின் படம் எத்தனை போனுக்குப் போகும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். அடுத்த தேர்தலுக்கு வருவார்.