நான்கு வீடு கண்ட நூலகம்!

பலர் கூடி ஒரு மென்பொருளை இலவசமாக எழுதிவிடலாம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் குறிப்புகளை எழுதிக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்!

குறிப்புகளை எங்கே வைப்பது? யாரும் நுழைந்து திருத்தும் திறந்த வீட்டிலா? காவல் போட்ட வீட்டிலா? "பயர்பாக்ஸ்" உலாவியைத் தரும் அமெரிக்காவின் மொசில்லா அமைப்பு, 15 ஆண்டுகளில் நான்கு வீடுகளைப் பார்த்துவிட்டது.

மூன்று திறந்த வீடுகள்

இணையப் பக்கம் அமைப்போருக்காக நெட்ஸ்கேப் கம்பெனி எழுதி வைத்த குறிப்புகளை, 2005-ல் ஏ.ஓ.எல். கம்பெனியின் அனுமதியோடு மொசில்லா பெற்றது. விக்கிப்பீடியாவை இயக்கும் "மீடியாவிக்கி"யில் அவற்றை வைத்தது. 2008-ல் "டெகிவிக்கி"க்கு மாறியது. 2012-ல் "கூமா" என்று சொந்தமாகவே ஒன்றைக் கட்டிக்கொண்டது.

மூன்றிலும் வழி ஒன்றுதான். பெயரைப் பதிந்துகொள், திருத்து, உடனே ஊரறிய வெளிவரும்! இதனால் பல நாட்டினர் எழுதினார்கள். பல மொழிகளில் பெயர்த்தார்கள்.

ஆனால், சோதனை பிறகுதான். விளம்பரக் குப்பையும் வந்தது. பிழையான குறிப்பு, யாராவது கண்டுபிடிக்கும் வரை அப்படியே நின்றது. சொந்த வீட்டைப் பழுது பார்க்க ஆளும் வேண்டியிருந்தது.

பேரிடி

2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியது. குறிப்புகள் எழுதியவர்களும் அதில் அகப்பட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் குறிப்புகள் "கிட்ஹப்"புக்குக் குடிபோயின. அங்கே திருத்தத்தை முதலில் சமர்ப்பிக்க வேண்டும். மற்றொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது வெளிவரும்.

பிழை குறைய இது நல்ல வழி. ஆனால் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வந்த புதியவர், முறைகளைக் கண்டு மலைத்துத் திரும்பவும் கூடும். நஷ்டம் மொழிபெயர்ப்புகளுக்கும் உண்டு. பராமரிக்க ஆர்வலர் குழு அமைந்த மொழிகளே தப்பின, மற்றவை அகற்றப்பட்டன.

காப்பாற்றியது எது?

எழுதியவர்கள் போனபின் நூலகம் பாழாகவில்லை. ஏன்? யாரும் எடுத்துத் தொடரலாம் என்ற உரிமத்தில் அது எழுதப்பட்டிருந்தது. 2021 ஜனவரியில் "ஓப்பன் வெப் டாக்ஸ்" என்ற கூட்டமைப்பு தோன்றி, எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலையைத் தொடர்ந்தது.

கிட்ஹப்பும் சொந்த வீடல்ல. 2018 முதல் அது மைக்ரோசாப்ட்டின் உடைமை. ஆயினும் "கிட்" முறையில், பிரதி எடுத்தவர் ஒவ்வொருவரிடமும் முழுச் சரக்கும், திருத்திய வரலாறும் இருக்கும். நாளையே மூட்டை கட்டலாம்.

இடம் தேடும் ஒவ்வொரு கூட்டு முயற்சிக்கும் இதில் பாடம் உண்டு. எழுதுவது யார்? சரிபார்ப்பது யார்? நாளை பெருக்கித் துடைப்பது யார்? இந்த மூன்றையும் கேட்க வேண்டும். நான்காவதாக, வெளியேறும்போது சரக்கு கூட வருமா என்றும் கேட்க வேண்டும்.

முன்வாசல் எத்தனை அழகு என்று மயங்குவதற்கு முன், கொல்லைக் கதவு இருக்கிறதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்!