கை ஓங்காத விசாரணை

‘அந்த நாள்’ படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் இரண்டு விஷயம் சொல்வார்கள்: பாட்டே இல்லாத படம், ‘ராஷோமோன்’ பாணிப் படம். முதலாவது சரி. இரண்டாவதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

குரோசவாவின் ‘ராஷோமோன்’ இந்தப் படத்தின் இயக்குநர் எஸ். பாலசந்தரைத் தூண்டியது உண்மை. ஆனால் ‘ராஷோமோ’னில் நடந்தது என்னவென்று கடைசிவரை தெரியாது. இங்கே சி.ஐ.டி. சிவானந்தமாக வரும் ஜாவர் சீதாராமன், கொலையாளியைக் கண்டுபிடிக்காமல் கொலை நடந்த வீட்டைவிட்டுப் போகமாட்டார். அண்டை வீட்டுக்காரர் ஒருவரைக் கொலையாளி என்று காட்டுகிறார். கொலையானவனின் தம்பி தன் மனைவியையே சந்தேகிக்கிறான். எல்லாரையும் பேசவிட்டுக் கேட்கிறார் சிவானந்தம். மிரட்டல் இல்லை, அடி இல்லை. விசாரணை என்றாலே லாக்கப் அடி என்று நம் போலீஸ் படங்கள் பழக்கிவிட்ட இந்தக் காலத்தில், அந்தப் பொறுமை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்தப் பொறுமைக்கு நெருங்கிய உறவு ஒரு பிரிட்டிஷ் படம்: ஆண்டனி ஆஸ்குவித்தின் ‘தி உமன் இன் கொஸ்டின்’. 1950இல், ‘ராஷோமோன்’ வந்த அதே ஆண்டு வந்து, அதன் புகழில் மறைந்துபோனது. குறிசொல்லும் பெண்ணொருத்தி கொலையாகிறாள். அவளை அறிந்த ஐந்து பேரைப் போலீஸ் விசாரிக்கிறது. ஒருத்தி கண்ணுக்கு அவள் கண்ணியமான சீமாட்டி. தங்கை கண்ணுக்கோ சீரழிந்த குடிகாரி. ஐந்து பேர் சொல்லும் ஐந்து பெண்களாகவும் ஜீன் கென்ட் ஒருவரே நடித்தார். நடை, குரல், உடுத்தும் விதம் எல்லாம் மாறும்.

மறுபடி ‘அந்த நா’ளுக்கு வந்தால், அதன் கேள்வி வேறு. ஜப்பான் குண்டு விழுந்த 1943 அக்டோபர் சென்னையில் ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுச் சாகிறான். ராஜனாக வரும் சிவாஜி கணேசனை முதல் காட்சியிலேயே சாகடிக்கத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனும் பாலசந்தரும் துணிந்தார்கள். நாட்டுக்கு யார் உண்மையானவர் என்பதுதான் கதையின் உயிர். 1954 ஏப்ரல் 13 அன்று படம் வெளியானபோது புதுச்சேரியிலுள்ள எங்கள் அரியாங்குப்பம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இந்தியாவோடு சேரும் போராட்டம் எங்கள் கொம்யூன்களில் சூடேறியிருந்த நேரம். நவம்பர் 1இல்தான் நிர்வாகம் கைமாறியது. அன்று இந்தக் கதை இங்கே பார்க்கப்பட்டிருந்தால் சென்னையைவிட ஆழமாகத் தைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதல் சுற்றில் படம் ஓடவில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்று பெற்றபின் மறுபடி வெளியிட்டபோது கூட்டம் வந்தது. ஆஸ்குவித்தின் படத்துக்கு அப்படியொரு இரண்டாம் சுற்று நம்மிடையே இன்னும் வரவில்லை. ‘அந்த நாள்’ பிடித்தவர்கள் அதைத் தேடிப் பாருங்கள். ஜீன் கென்ட்டுக்காகவே பார்க்கலாம்.